எம்டிஏடிஎம் நின்றுவிட்டால் பிரதியெடுப்பும் நிற்குமா?

கேள்வி: லினக்ஸ் சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை 'ரெய்டு 1' முறையில் ஒன்றுக்கொன்று பிரதியாக, 'எம்டிஏடிஎம்' கருவியைக் கொண்டு அமைத்திருக்கிறேன். அந்தக் கருவி இயங்காவிட்டாலும் பிரதியெடுப்பு தொடருமா? டிஸ்க் பழுதானால், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அதைக் கருவிக்கு எப்படித் தெரிவிக்கிறது?

பதில்: தொடரும். நீங்கள் சேமிக்கும் தரவு எதுவும் எம்டிஏடிஎம் வழியாகச் செல்வதில்லை. அதை இரு டிஸ்க்குகளிலும் எழுதுவது கெர்னலுக்குள் இருக்கும் 'எம்டி' டிரைவர். எம்டிஏடிஎம் செய்வது, டிஸ்க்குகளில் பதிந்துள்ள சூப்பர்பிளாக் (தொகுப்பின் விவரங்கள்) குறிப்புகளைப் படித்து, எவை ஒரே தொகுப்பைச் சேர்ந்தவை என்று கண்டறிந்து, அவற்றை 'ஐஆக்டல்' அழைப்புகள் (நிரல்கள் டிரைவருக்கு நேரடியாகக் கட்டளையிடும் வழி) மூலம் டிரைவரிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்துத் தொகுப்பைத் தொடங்கச் சொல்வதுதான். பிந்தைய கட்டளைகள் பல, கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் 'சிஸ்எஃப்எஸ்' வழியே செல்கின்றன. எடுத்துக்காட்டாக, 'சிங்க் ஆக்‌ஷன்' கோப்பில் 'செக்' என்று எழுதினால், இரு பிரதிகளும் ஒத்திருக்கின்றனவா என்று டிரைவர் சரிபார்க்கத் தொடங்கும்.

பழுது ஏற்படும்போது செய்தி எதிர்த்திசையில் வருகிறது. 'ப்ராக்' கோப்பகத்தில் உள்ள 'எம்டிஸ்டாட்' கோப்பைத் திறந்து 'போல்' அழைப்பில் (மாற்றம் வரும்வரை உறங்கவைக்கும் அழைப்பு) காத்திருக்கும் நிரலை, நிலை மாறியவுடன் கெர்னல் எழுப்பிவிடும். கண்காணிப்பு முறையில் இயங்கும் எம்டிஏடிஎம் இப்படித்தான் காத்திருந்து, பழுதை அறிந்ததும் நீங்கள் குறிப்பிட்ட முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. அந்தக் கண்காணிப்பை ஓடவிடாமல் இருந்தால் பிரதியெடுப்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் முதல் டிஸ்க் போனது உங்களுக்குத் தெரியாமலே இரண்டாவதும் போய்விடக்கூடும் என்பதால், அதைத் தவறாமல் இயக்கி வையுங்கள்.

ஆனால் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. இன்டெல் மதர்போர்டின் ரெய்டு வசதி எழுதும் குறிப்புகளைப் போன்ற வெளி வடிவக் குறிப்புகளை (லினக்ஸின் சொந்த வடிவில் இல்லாதவை) கெர்னல் புதுப்பிப்பதில்லை; அந்தப் பொறுப்பு 'எம்டிமான்' என்னும் பயனர்வெளி (கெர்னலுக்கு வெளியே இயங்கும்) நிரலுடையது. அங்கே ஒரு டிஸ்க் பழுதானால், அந்தச் செய்தியை எம்டிமான் நல்ல டிஸ்க்கில் பதிவு செய்து அனுமதி தரும்வரை, கெர்னல் தொகுப்பில் எழுதுவதை நிறுத்திவைக்கும். இடையில் மின்சாரம் போனால், மறுமுறை தொடங்கும்போது பழைய தரவுள்ள டிஸ்க்கை நல்லதென்று நம்பிவிடக்கூடாதே என்பதுதான் காரணம். அதனால் எம்டிமான் செத்துவிட்டால் எழுதும் வேலைகள் உறைந்துபோகலாம். தன் நினைவகப் பக்கங்கள் அதே தொகுப்பில் உள்ள ஸ்வாப் பகுதிக்கு (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) தள்ளப்பட்டால், எம்டிமானும் கெர்னலும் ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டுமே நின்றுவிடும் என்பதற்காக, அந்த நிரல் தன்னை ரேம் நினைவகத்திலேயே பூட்டிக்கொள்கிறது. மிகுந்த கவனத்துடன் எழுதப்பட்ட நிரல் அது.

உங்கள் தொகுப்பு எந்த வகை என்று அறிய எம்டிஸ்டாட் கோப்பைப் படியுங்கள்: தொகுப்பின் விவரத்தில் 'எக்ஸ்டெர்னல்' என்ற சொல் இருந்தால், எம்டிமான் நிரலைக் கைவைத்து நிறுத்திவிடாதீர்கள்.