புது டிஏசி: தரம் கூடியதா, சத்தம் கூடியதா?

புது டிஏசி (டிஜிட்டல் இசையை ஆம்ப்ளிஃபயருக்கான மின்சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கியபின் ஒலி நன்றாகிவிட்டது, பழைய சிடி பிளேயரை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு விற்காதீர்கள். புது டிஏசியில் "பாஸ் நிறைவாக இருக்கிறது, குரல் முன்னால் வந்து நிற்கிறது" என்கிறீர்களே, அது சத்தம் சற்றுக் கூடியதால் வரும் உணர்வாக இருக்கலாம்.

சிடி பிளேயர்களின் வழக்கமான வெளியீடு 2 வோல்ட். உங்கள் டிஏசி 2.5 வோல்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 2 டெசிபல் அதிகம். இந்தச் சின்ன வித்தியாசம் காதுக்குச் சத்தமாகப் படுவதைவிடத் தெளிவாகவே படும். கடை டெமோவில் பலர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

1. இரண்டின் சத்தத்தையும் சமமாக்க, ஒரே 400 ஹெர்ட்ஸ் டோனை (சீரான ஒற்றை ஒலி) இரண்டிலும் ஓடவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து, டிஏசியில் உள்ள வால்யூமைக் குறைத்து இரண்டையும் 1 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். மீட்டர் கம்பிகள் உரசிக்கொள்ளாமல் கவனம், ஆம்ப் பழுதாகிவிடும்.

2. அப்புறம் வீட்டில் ஒருவரைக் காசு சுண்டிப் பார்த்து, உங்களுக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லி, ஓடுவது எது என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் சொல்லுங்கள். நன்கு பழகிய பாட்டில் 15 வினாடி போதும். நுணுக்கமான ஒலி நினைவில் அதிக நேரம் நிற்காது.

16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எது நல்லது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. பழைய பிளேயரில் இரைச்சலோ ஒரு பக்கம் சத்தக் குறைவோ இருந்தால், முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.