வாசகர் கேள்விகள்: கடல்நீர்த் தொட்டியில் குள்ள ஏஞ்சல்

சென்ற இதழில் க்ளவுன் மீனைப் பற்றி எழுதியபோது, "குள்ள ஏஞ்சலை மட்டும் சின்னத் தொட்டியில் விடாதீர்கள்" என்று, கடல் ஏஞ்சல் மீன்களில் உருவில் சிறிய வகையைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தேன். ஏன் என்று கேட்டுத்தான் இந்த முறை கடிதங்கள். ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன், ஒரே மாதிரி கேட்டவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கேள்வி: சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கும் நன்னீர் ஏஞ்சல் மீனும் கடல் ஏஞ்சலும் ஒரே குடும்பமா சார்? நன்னீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு சேர்த்துப் பழக்கலாமா? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம் தம்பி, பழக்கவே முடியாது. கொளத்தூர் ஏஞ்சல் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிச்லிட் வகை. கடல் ஏஞ்சல் முற்றிலும் வேறு குடும்பம், பெயர் மட்டும்தான் ஒன்று. கடல் ஏஞ்சலின் கன்னத்தைப் பாருங்கள், செவுள் மூடிக்குக் கீழே பின்பக்கம் நோக்கி ஒரு கூரான முள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க இதைப் போலவே இருக்கும் பட்டாம்பூச்சி மீனுக்கு அந்த முள் கிடையாது. இந்தக் குடும்பத்தில் எம்பரர் ஏஞ்சல் போன்றவை 40 சென்டிமீட்டர் வரை வளரும். நாம் குள்ள ஏஞ்சல் என்று சொல்வது சென்ட்ரோபைஜி என்ற பேரினத்தை, அதில் முப்பதுக்கும் மேல் வகைகள் உண்டு, பெரும்பாலும் 8 முதல் 15 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும்.

கேள்வி: என்னிடம் 60 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) இருக்கிறது, வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஜோவா, லெதர் கோரல் என்று இரண்டு வகைப் பவளம் வைத்திருக்கிறேன். ஃப்ளேம் ஏஞ்சல் என்ற குள்ள ஏஞ்சல் மேல் ரொம்ப நாள் ஆசை. கடையில் "பத்து சென்டிமீட்டர் மீன்தானே, தாராளமாக விடலாம்" என்கிறார்கள். விடலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அந்தச் செந்நெருப்பு உடலும் கறுப்புக் கோடுகளும் துடுப்பு ஓரத்து நீலமும் ஒரு தடவை கண்ணில் பட்டால் மறக்காது. ஆனாலும் விடாதீர்கள்.

மீனின் நீளத்தை வைத்துத் தொட்டியின் அளவை முடிவு செய்வதுதான் இங்கே தவறு. க்ளவுன் மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடும், குள்ள ஏஞ்சல் அப்படி இல்லை, அது மேய்ச்சல் மீன். வெளிச்சம் வந்ததிலிருந்து விளக்கு அணையும் வரை பாறையைச் சுற்றி வந்து, இடுக்கில் புகுந்து, வெளியே வந்து, ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். இழைப்பாசி, பாறையில் படியும் மெல்லிய படலம், கடற்பஞ்சு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பூச்சிகள், இதுதான் அதன் சாப்பாடு. கடலில் ஓர் ஆண் சில பெண் மீன்களோடு பல சதுர மீட்டர் இடத்தைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு மேயும். 60 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போக நிஜமாக இருக்கும் தண்ணீர் 45 லிட்டர் வந்தால் பெரிது. அதில் இருக்கும் பாறைகளை இந்த மீன் சில நாளிலேயே மொட்டையாக்கிவிடும், மூன்று மாதத் தொட்டியின் பாறையில் மேய அப்படி ஒன்றும் வளர்ந்திருக்காது.

சரி, பாசி இல்லையென்றால் கையால் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், போடத்தான் வேண்டும். நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாள், ஸ்பைருலினா பாசி சேர்ந்த தீவனம், உறைந்த மைசிஸ் என்ற சின்ன இறால் வகை, கடற்பஞ்சு கலந்த ஏஞ்சல் தீவனம் என்று மாற்றி மாற்றி ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக. ஆனால் அத்தனை தீவனத்தையும் 45 லிட்டர் தண்ணீர் தாங்காது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும், கோரல் வாடும். தீவனத்தைக் குறைத்தால் மீன் மெலியும், பசியில் அந்த ஜோவாவையே கொத்தும். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தக் கொள்ளளவில் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃப்ளேம் ஏஞ்சலுக்கு நான் சொல்லும் குறைந்த அளவு 200 லிட்டர், அதுவும் ஒரு வருடமாவது ஓடிய தொட்டி. மேற்கு அட்லாண்டிக், கரீபியன் பக்கத்து செரூப் ஏஞ்சல் 8 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், பழகிய தொட்டி என்றால் 90 அல்லது 100 லிட்டரில் அதை வைக்கலாம். ஆனால் அதன் உருவத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், பின்னால் வரும் சின்ன மீன்களை விரட்டி விரட்டியே சாகடிக்கும், அதனால் அதைக் கடைசியில்தான் விட வேண்டும். இப்போதைய உங்கள் தொட்டிக்கு ஒரு கோபியும் அதோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் பிஸ்டல் இறாலும் வாங்குங்கள். மணலில் அந்த இறால் குழி தோண்டுவதும் கோபி வாசலில் காவல் நிற்பதும் மணிக்கணக்கில் பார்க்கலாம்.

கேள்வி: 300 லிட்டர் ரீஃப், கோரல் பியூட்டி என்ற குள்ள ஏஞ்சல் ஒன்று. ஒன்றரை வருடம் எதையும் தொடவில்லை, இப்போது திடீரென்று பிரெய்ன் கோரலைக் கொத்துகிறது. என்ன ஆயிற்று? (வாசகி, துபாய்)

பதில்: மீன் மாறவில்லை அம்மா, தொட்டியில்தான் ஏதோ மாறியிருக்கும். பாசி வந்துவிட்டது என்று பாஸ்பேட்டை இழுக்கும் மருந்து போட்டீர்களா? பாசியைத் தின்பதற்கு நத்தை, நண்டு நிறைய விட்டீர்களா? வேலையில் பிஸியாகி ஒரு வேளை தீவனத்தை நிறுத்தினீர்களா? பாறை பளிச்சென்று சுத்தமாக இருப்பது நமக்கு அழகு, அந்த மீனுக்கு அது காலித் தட்டு.

எந்த வகை கடிக்கும், எந்த வகை கடிக்காது என்று யாராலும் உறுதி தர முடியாது, ஒரே வகையிலேயே மீனுக்கு மீன் குணம் வேறு. பொதுவாக லெமன்பீல், பைகலர் இரண்டும் கோரலை அதிகம் தொடும். கோரல் பியூட்டி, ஃப்ளேம், செரூப் பரவாயில்லை ரகம். கோரல் பக்கம் பார்த்தால், சதைப்பற்றுள்ள பிரெய்ன் வகைகளுக்கும் ஜெயன்ட் கிளாம் என்ற ராட்சதச் சிப்பியின் உதட்டுக்கும்தான் ஆபத்து அதிகம். லெதர் கோரல் உடம்பில் வேதிப்பொருள் வைத்திருக்கிறது, அதைப் பெரும்பாலும் சீண்டாது. பல நேரம் மீன் கோரலின் சதையைத் தின்பதில்லை, அதன் மேலிருக்கும் சளியையும் அதில் ஒட்டிய துகளையும்தான் எடுக்கிறது. ஆனால் நாள் முழுவதும் கொத்து வாங்கினால் கோரல் விரியாது, விரியாத கோரல் மெதுவாகச் செத்துவிடும், அதனால் "சளிதானே" என்று விட்டுவிடவும் முடியாது.

இரண்டு வாரம் தீவனத்தைச் சின்னச் சின்ன வேளைகளாகக் கூட்டுங்கள், காலையில் ஒரு துண்டு நோரியைக் கிளிப்பில் மாட்டி வையுங்கள். கோரலை ஒரு துளைப்பெட்டியால் மூடிப் பாதுகாத்து, மீன் பாறைப் பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்க முடியாது. எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் முடிவு.

கேள்வி: மூன்று அடி தொட்டி, 190 லிட்டர். ராமேஸ்வரம் பக்கம் எடுத்த லைவ் ராக் (உயிர்கள் ஒட்டிய பவளப்பாறைத் துண்டு) மலிவாகக் கிடைக்கும் என்கிறார் ஒருவர். ஏஞ்சலுக்கு நல்லதாமே, வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பாறையை உருவாக்கும் கடினப் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணையில் உள்ளதைத் தொட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. அந்தக் கடலிலிருந்து இன்னும் ஒரு கல்லை எடுத்து நம் வீட்டு வரவேற்பறையில் வைக்க என்ன அவசியம்?

செராமிக் பாறை, சிமெண்டில் வார்த்த பாறை கடைகளில் கிடைக்கிறது. பாட்டிலில் வரும் பாக்டீரியா ஊற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை பொறுத்து, அப்புறம் ஆறு எட்டு மாதம் நல்ல வெளிச்சம் கொடுத்துப் பாசி வளர விடுங்கள். அந்தப் பழுப்பும் பச்சையும் பார்க்க அசிங்கமாக இருக்கும், தேய்த்து எடுக்காதீர்கள், அதுதான் ஏஞ்சலின் வயல். பவளம் வைக்காத தொட்டிதான் குள்ள ஏஞ்சலுக்கு உண்மையில் நிம்மதியான வீடு என்பது என் அனுபவம். அது எதைக் கொத்தினாலும் நீங்கள் பதற வேண்டியதில்லை.

இன்னொன்று, தண்ணீர் 26, 27 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் கட்டாயம், கரண்ட் போனால் முதலில் தீர்வது பிராணவாயு.

கேள்வி: கோரல் பியூட்டி வாங்கினேன். பளபளவென்று நன்றாக நீந்தியது, ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்றாம் வாரம் இறந்துவிட்டது. தண்ணீர் சோதனையில் குறை எதுவும் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: உங்களைப் போலவே நானும் முதல் கோரல் பியூட்டியைப் பறிகொடுத்தேன். எட்டு வாரத் தொட்டி, கடையில் வந்து இறங்கிய அன்றே வாங்கினேன், அது சாப்பிடுகிறதா என்று நான் பார்க்கவே இல்லை. பதினாறாம் நாள் காலையில் பாறை இடுக்கில் கிடந்தது. வயிற்றுப் பக்கம் உள்ளே ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

இப்படிச் சாவதற்குக் காரணம் பல. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய பழக்கம், பவள இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்பது. அப்படிப் பிடித்த மீன் வெளியே அழகாகத் தெரியும், உள்ளுறுப்பு கெட்டிருக்கும். அப்படிப் பிடிக்காத மீன்கூட, கை மாறி கை மாறி வரும் வழியில் நாட்கணக்கில் பட்டினி கிடந்திருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒரு வாரமாவது இருக்கட்டும், முன்பணம் கொடுத்து வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் கண் முன்னால் தீவனம் போடச் சொல்லுங்கள். கல்லைக் கொத்துகிற மீன், வயிறு உருண்டையாக இருக்கிற மீன், மூச்சு சீராக விடுகிற மீன் என்றால் எடுங்கள். வலையில் பிடிக்க விடாதீர்கள், கன்னத்து முள் சிக்கினால் கிழித்துத்தான் எடுப்பார்கள், ஒரு டப்பாவில் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தனிமைத் தொட்டி, நான்கிலிருந்து ஆறு வாரம். இங்கேதான் குள்ள ஏஞ்சலுக்கு ஒரு சிக்கல். வெறும் கண்ணாடித் தொட்டியில் மேய எதுவும் இல்லாமல் அது சோர்ந்துவிடும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போட்டு, வெயிலில் ஒரு வாளி உப்புத் தண்ணீரில் வைத்துப் பாசி பிடிக்க வைத்த கற்களை மாற்றி மாற்றி உள்ளே வையுங்கள். வெல்வெட், இக் போன்ற ஒட்டுண்ணி நோய் வந்து செம்பு மருந்து போட வேண்டியிருந்தால் கற்களை முதலில் எடுத்துவிடுங்கள், அவை மருந்தை உறிஞ்சிவிடும். மருந்தின் அளவையும் ஒரே நாளில் ஏற்றாமல் சில நாட்களில் மெதுவாக ஏற்றுங்கள், இந்த மீன்கள் செம்புக்குச் சீக்கிரம் சாப்பாட்டை விட்டுவிடும்.

கேள்வி: ஜோடியாக வைக்கலாமா? ஆண் பெண் எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, மதுரை)

பதில்: இவை எல்லாமே முதலில் பெண்ணாகத்தான் வளர்கின்றன, கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும். அதனால் ஒரே வகையில் ஒன்று பெரிது, ஒன்று நன்றாகச் சிறிது என்று ஒரே நாளில் விட்டால் ஜோடியாக வாய்ப்பு உண்டு. நான்கு அடிக்குக் குறைந்த தொட்டியில் முயல வேண்டாம், தோற்ற மீனுக்கு ஓட இடம் இருக்காது.

கேள்வி: என்னுடையது மூன்று அடி தொட்டி. லெமன்பீல் என்று சொல்லி ஒரு மீனை விற்றார்கள். மஞ்சளாக இருந்தது இப்போது பழுப்பாகிறது, வேகமாகவும் வளர்கிறது. நோயா? (வாசகர், கொழும்பு)

பதில்: நோய் இல்லை, அது பெரும்பாலும் லெமன்பீலே இல்லை. மிமிக் டாங் என்று ஒரு சர்ஜன் மீன், குஞ்சாக இருக்கும்போது அச்சு அசலாக லெமன்பீல் போலவே இருக்கும். உங்கள் இந்தியப் பெருங்கடலிலும் இதே கதை உண்டு, இன்னொரு சர்ஜன் மீனின் குஞ்சு ஐப்ளி ஏஞ்சல் போல வேஷம் போடும். கன்னத்தில் முள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல், வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் கத்தி போல ஒரு முள் இருந்தால் அது டாங்தான். 25 சென்டிமீட்டர் வரை வளரும், உங்கள் மூன்று அடி தொட்டியில் இன்னும் சில மாதத்தில் திரும்பக்கூட இடம் இருக்காது. ஆறு அடி தொட்டி வைத்திருக்கும் யாராவது தெரிந்தவர் இருந்தால் இப்போதே பேசி வையுங்கள். பிடிக்கும்போது வாலைக் கையால் தொடாதீர்கள், அந்தக் கத்தி ஆழமாக வெட்டும்.