வேற்றுக் கிரகத்தவர்கள் என்று தம்மை நம்பும் குடும்பத்தோடு எப்படிப் பழகுவது?

பக்கத்து வீட்டார் தாங்கள் வேறு கிரகங்களிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள், அவர்களோடு எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகே எங்கள் லயத்திலேயே, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலேயே, அப்படியொரு குடும்பம் வாழ்ந்ததால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரரை மாமா என்றுதான் அழைப்பேன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இரவு வேலை பார்த்த அவர், பல மாதங்கள் சரியாக உறங்காமல் இருந்த காலத்தில், தாம் செவ்வாயிலிருந்து வந்தவர் என்றும், மனைவி வியாழனையும் மகள் வெள்ளியையும் சேர்ந்தவர்கள் என்றும் சொல்லத் தொடங்கினார். அந்த வருடம் முடிவதற்குள் மூவரும் அதையே சொன்னார்கள். ஒட்டி வாழும் குடும்பத்தில் ஒருவருடைய பிறழ்ந்த நம்பிக்கை மற்றவர்களையும் பற்றிக்கொள்வதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் லாசேக், ஃபால்ரே ஆகிய இருவரும் 1877 இலேயே விவரித்திருக்கிறார்கள். ஆகவே அவர்களைப் பொய்யர்கள் என்று எண்ணாதீர்கள்.

மாமாவின் தகப்பனார், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களுக்கு இலங்கைக் குடியுரிமையை மறுத்த 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர். அவருடைய பழைய விண்ணப்பக் கடதாசிகள் கிடந்த பிஸ்கட் டின்னில்தான் மாமா தம் கிரகப் படத்தையும் மடித்து வைத்திருந்தார். நோய்க்கு அதுவே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் "நாம எந்த ஊரு?" என்ற கேள்வி அந்த வீட்டுக்குப் புதிதல்ல.

நாங்கள் முதலில் வாதாடினோம், அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிறகொரு நாள் பீலியடியில் அந்த மகள், குடம் நிரம்பி வழிவதையும் கவனியாமல், "அண்ணே, வெள்ளியில 460 பாகை சூடாமே, அங்க நாங்க எப்படி இருந்திருப்போம்?" என்று கேட்டாள். "நீ என்ன நினைக்கிற?" என்று மட்டும் கேட்டேன். அந்தச் சந்தேகம் அவளுடையதாகவே வளரட்டும் என்று விட்டது சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

கிரகத்தை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். உறக்கத்தையும் சாப்பாட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் விசாரியுங்கள். ஆனால் "திரும்பிப் போகப்போகிறோம்" என்று நாள் குறித்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். விண்கலம் தங்களை ஏற்றிச்செல்லும் என்று நம்பி 1997 இல் கலிபோர்னியாவில் 39 பேர் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இலங்கையில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

மாமா கிரகத்துக்காக அல்ல, உறக்கமின்மைக்காகவே கிளினிக்குக்கு வரச் சம்மதித்தார். மருந்தில் உறக்கம் திரும்பிய சில மாதங்களில் மனைவியும் மகளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். மாமா முழுதாக விடவில்லை; மாலையில் வாசலில் நின்று செவ்வாயைத் தேடும்போது எனக்கும் ஒரு கோப்பை சாயத்தண்ணி ஊற்றி வைத்திருப்பார்.