பிளஸ் 2 மகனுக்கு இப்போதே சீட் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: கரூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தையல் வேலை பார்க்கிறேன். கணவர் மினி லாரி ஓட்டுகிறார். இருவருக்குமாக மாதம் 32,000 ரூபாய் வருகிறது. மகன் பிளஸ் 2, கம்ப்யூட்டர் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். அரையாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் கட்-ஆஃப் 140 வரும் என்கிறான். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அட்மிஷன் பிடித்துத் தரும் ஒருவர், “இப்போதே ஒன்றரை லட்சம் கட்டினால் இன்ஜினீயரிங் சீட் உறுதி, ரிசல்ட் வந்தபின் கேட்டால் கிடைக்காது” என்கிறார். கல்லூரிக் கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு 1,75,000 ஆகுமாம். அதற்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்கிறாராம். எங்களிடம் 3 லட்சம் எஃப்.டி.யும் 7 பவுன் நகையும் இருக்கின்றன. மகள் ஒன்பதாவது, அதே பள்ளி. பிளஸ் 1-க்கு அவளைத் தனியார் பள்ளியில் சேர்க்கவும் யோசிக்கிறோம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. சீட்டுக்காக நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதனால்தான் இப்படிக் கொடுக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் ரசீது இருக்காது. நாளைக்கு மகன் வேறு இடத்தில் சேர்ந்தால் எதைக் காட்டித் திருப்பிக் கேட்பீர்கள்?

உங்கள் குடும்பத்தின் பெரிய சொத்து எஃப்.டி.யோ நகையோ இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை உங்கள் மகன் அரசுப் பள்ளியில் படித்த அந்த ஏழு வருடங்கள்தான். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% இடங்களை ஒதுக்கி 2021-இல் சட்டம் வந்தது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. கலந்தாய்வு வழியாக இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரிகளில் அரசு கலந்தாய்வு வழியாக நிரப்பும் இடங்களுக்கும் இது உண்டு. பணம் கட்டிப் பிடிக்கும் சீட் மேனேஜ்மெண்ட் சீட், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடம்; அதில் சேர்ந்தால் இந்தச் சலுகையில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. ஆக, அந்தத் தரகர் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லி, அதற்குப் பணமும் கேட்கிறார்.

கடன் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 1,75,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 7 லட்சம். வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 2,45,000 சேர்ந்துவிடும். மகன் தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் 9,45,000. பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 12,500 ரூபாய். முதல் சம்பளம் 20,000 என்றால் மீதி 7,500-இல் வெளியூரில் அறை வாடகையும் சாப்பாடும் எப்படி நடக்கும்? முதலில் கொடுத்த ஒன்றரை லட்சம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. கல்விக் கடன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல கல்லூரியில் நல்ல படிப்புக்கு அது பெரிய உதவி. இந்த இடத்தில் அது தேவையே இல்லை.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. அரையாண்டில் 140 எடுப்பவன் பொதுத்தேர்வில் கணிதத்தில் பத்து மதிப்பெண் கூட்டினால் அந்தப் பத்தும் அப்படியே கட்-ஆஃபில் ஏறும். இயற்பியலில் பத்து கூடினால் ஐந்துதான் ஏறும். தேர்வு வரை கணிதத்துக்கு ஒரு டியூஷன் வைத்துக் கொடுங்கள். இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டிய செலவு அது ஒன்றுதான்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று (குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவருக்குத் தருவது) ஆகியவற்றுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கலந்தாய்வில் உங்கள் மகன் பொதுப்பிரிவிலும் 7.5% பிரிவிலும் நிற்கலாம். ஆனால் முழுக் கட்டணச் சலுகை, 7.5% பிரிவில் ஒதுக்கிய இடத்துக்கு மட்டுமே. பொதுப்பிரிவில் இன்னும் நல்ல கல்லூரி கிடைத்தால், முதல் பட்டதாரிச் சலுகை போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள். அப்போது கடன் தேவைப்பட்டாலும் பயம் வேண்டாம். 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாக அடமானமோ முன்பங்கோ (செலவில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கேட்பதில்லை. உங்கள் ஆண்டு வருமானம் 3,84,000. 4,50,000-க்குள் இருப்பவர்களுக்குத் தவணை தொடங்கும்வரையான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் இருக்கிறது. அந்தக் கல்லூரிக்கும் படிப்புக்கும் அது பொருந்துமா என்று வங்கியில் நீங்களே நேரில் கேளுங்கள், இடையில் யாரும் வேண்டாம்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. பாதிப் பிள்ளைகள் தேறாத கல்லூரி இலவசமாகக் கிடைத்தாலும் நான்கு வருடம் போய்விடும். நல்ல இடம் அமையாவிட்டால், பிளஸ் 2 முடித்தவர்கள் அரசு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். இரண்டு ஆண்டில் டிப்ளமா. பிடித்திருந்தால் அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். இதை நம் ஊரில் கீழான வழியாகப் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம். கையில் தொழிலும் கடனில்லாத தலையுமாக இருபது வயதில் நிற்கும் பிள்ளை எந்த வகையிலும் குறைந்தவன் இல்லை.

எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். லேப்டாப், துணிமணி, போக்குவரத்து என்று அரசு தராத செலவுகளுக்கு ஒரு லட்சத்தைத் தனியாக வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மகனுக்கு மாதம் 1,000 ரூபாயும் வரும். மீதி இரண்டு லட்சம் லாரி நின்றால், உடம்புக்கு முடியாமல் போனால் வேண்டியது.

இனி மகள். பிளஸ் 1-க்கு அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் 7.5% போய்விடும், மாணவிகளுக்கான அதே போன்ற புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் போய்விடும். அண்ணன் முதல் பட்டதாரிச் சலுகையை வாங்கிவிட்டால் அதுவும் அவளுக்குக் கிடைக்காது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினாலும் 7.5% கிடையாது, அரசுப் பள்ளியாகவே இருக்க வேண்டும். எந்தப் பாடத்தில் அவள் தடுமாறுகிறாளோ அதற்கு மட்டும் வெளியே டியூஷன் வையுங்கள். தனியார் பள்ளிக்குக் கட்ட நினைத்த பணத்தில் மாதம் 2,000 ரூபாயை அவள் பெயரில் ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். 6.5% வட்டியில் மூன்று ஆண்டில் 79,000 ரூபாயை ஒட்டி வரும், அவள் கல்லூரி வாசலுக்குப் போகும் நேரத்தில்.