டீச்சரிடம் கேளுங்கள்: ‘ரன்’ என்றால் ஓடுவது மட்டுமா?

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி டர்பன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஃபீனிக்ஸில் ஒரு மளிகைக் கடையில் வேலை. போன வாரம் முதலாளியம்மா, ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மீலி மீல்’ என்றார். மீலி மீல் என்றால் மக்காச்சோள மாவு என்று தெரியும். ரன் அவுட் என்றால் எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். அப்புறம் ‘ரன் இன்டு’, ‘ரன் ஓவர்’ என்றும் பேசுகிறார்கள். ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள்தான் படிப்பது?
— ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: எத்தனை என்று எண்ண ஆரம்பிக்காதீர்கள், அம்மா. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 600-க்கும் மேல் பொருள் பிரித்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்து யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை.

முதலில் நம் ‘ஓடு’வைப் பாருங்கள். சுவர்க் கடிகாரம் ஓடுகிறது. பழைய மோட்டார் இன்னும் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. வியாபாரம் எப்படியோ ஓடுகிறது. இவற்றில் ஒன்றுக்காவது கால் உண்டா? இந்த நாலு இடத்திலும் ஆங்கிலக்காரரும் ‘ரன்’ என்றுதான் சொல்வார். ஆக, பாதிப் பாடம் உங்களுக்கு அம்மா மடியிலேயே வந்துவிட்டது.

மீதிப் பாதியில் ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழில் தானே ஓடினால் ‘ஓடு’, இன்னொன்றை ஓடச் செய்தால் ‘ஓட்டு’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’தான். பஸ்ஸும் ‘ரன்’, அந்த பஸ்ஸை விட்டு நடத்துகிறவரும் ‘ரன்’. ஆனால் ஸ்டியரிங் பிடிக்கிறவர் ‘டிரைவ்’. இந்த வித்தியாசத்தை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

1966-ல் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஸ்டாண்டர்ட் ஃபோர் படித்தேன். அப்பா அங்கிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர். பஸ் வேறு ஒருவருடையது. பள்ளியில் புத்தகச் சலுகைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில், ‘அப்பா பஸ் ஓட்டுகிறார்’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு ‘மை ஃபாதர் ரன்ஸ் எ பஸ்’ என்று எழுதினேன். பஸ் முதலாளி வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை எதற்கு என்று என் பெயரை அடித்துவிட்டார்கள். அப்பா அரை நாள் வேலையை விட்டுவிட்டு, காக்கி உடுப்போடு வந்து அலுவலக வாசலில் நின்று விளக்க வேண்டியதாயிற்று. அரை நாள் கூலி போனது. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பிறகு முப்பத்தோரு வருடம் நான் ஆங்கில வகுப்பு எடுத்தபோது, எந்தப் பிள்ளை வீட்டிலும் இப்படி ஒரு நாள் கூலி போகக் கூடாது என்பதுதான் என் கவலை. ஆகவே நீங்கள் கேட்டது எனக்குச் சின்ன விஷயமே இல்லை.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். மீலி மீல் ஓரளவு இருக்கிறது, ஆனால் குறைந்துகொண்டே வருகிறது என்றால் ‘ரன்னிங் லோ’. பத்து மூட்டை கேட்கிற இடத்தில் ஏழுதான் இருக்கிறது, போதவில்லை என்றால் ‘ரன்னிங் ஷார்ட்’. அடியோடு தீர்ந்தது என்றால் ‘ரன் அவுட்’. முதலாளியம்மா முதல் சொல்லைச் சொன்னால் ஆர்டர் எழுதுங்கள். கடைசிச் சொல்லைச் சொன்னால் உடனே போனை எடுங்கள்.

‘ரன் இன்டு’ என்றால் பஸ் ரேங்கில், அதாவது பஸ் ஸ்டாண்டில், எதிர்பாராமல் பழைய சினேகிதியைப் பார்ப்பது. ‘ரன் ஓவர்’ என்றால் அவள் மேல் வண்டியை ஏற்றுவது. இந்த இரண்டை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். பெரிய வினைச்சொல்லை விட்டுவிட்டு, பின்னால் வருகிற குட்டிச் சொல்லைக் கேட்கப் பழகுங்கள். பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சில இடத்தில் நம் ‘ஓடு’ உதவாது. மூக்கு நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ‘ரன்’. துணிச் சாயம் நமக்குப் போகும், அவர்களுக்கு ‘ரன்’. கிளினிக்கில் நர்ஸ் ‘டஸ் சுகர் ரன் இன் தி ஃபேமிலி?’ என்று கேட்பார். உங்கள் பரம்பரையில் சர்க்கரை வியாதி உண்டா என்று அர்த்தம். டர்பனில் நம் ஆட்களிடம் கட்டாயம் கேட்கிற கேள்வி, தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேரன் காம்ரேட்ஸ் மாரத்தானில் ‘டௌன் ரன்’ ஓடிவிட்டு வந்தான். மறுநாள் ‘ஐ ஃபீல் ரன் டௌன்’ என்கிறான். இரண்டும் ஒன்றா?
— ஒரு தாத்தா, டொங்காட்

பதில்: இல்லை ஐயா. பேரனுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். சுமார் 90 கிலோமீட்டர் ஓடுவது லேசான காரியமா! 1921-ல் வெறும் 34 பேர் புறப்பட்ட பந்தயம் அது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கிக் கடற்கரை டர்பனுக்கு ஓடி வந்தால் ‘டௌன் ரன்’, இங்கிருந்து ஏறினால் ‘அப் ரன்’. இதில் ‘ரன்’ பெயர்ச்சொல்.

திருப்பிப் போட்டால் கதை வேறு. ‘ரன் டௌன்’ என்றால் உடம்பு தளர்ந்து, சத்தெல்லாம் வடிந்துபோன நிலை. பாட்டரி தீர்வதற்கும் இதுதான். ஒருவரைப் பற்றிக் குறையாகவே பேசுவதும் ‘ரன் டௌன்’தான். பேரனைத் தூங்க விடுங்கள், எழுந்ததும் உப்புப் போட்டுக் கஞ்சி கொடுங்கள்.

கேள்வி: மகளின் கட்டுரையில் டீச்சர் ‘ரன் ஆஃப் த மில்’ என்று எழுதியிருக்கிறார். பாராட்டா?
— ஒரு தாய், வெருலம்

பதில்: பாராட்டு இல்லை, அம்மா. மில்லில் ஓடி வெளியே வந்தபடியே, தரம் பிரிக்காத சரக்கு என்பது பழைய பொருள். கரும்பு மில்லில் வேலை பார்த்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ‘சாதாரணமாக இருக்கிறது, தனியாக ஒன்றும் தெரியவில்லை’ என்கிறார் டீச்சர். எது சாதாரணமாக இருக்கிறது என்றும் அவர் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதாதது எனக்கு வருத்தம்தான். மகளைத் திட்டாதீர்கள். அந்தக் கட்டுரையை ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.