நடக்கும்போது எரியும் பாதங்கள்: ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயுடன் வாழ்வது பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கும் அந்த நோய் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மாலையில் மைதானத்தில் நடக்கத் தொடங்கினால் கால்மணி நேரத்தில் உள்ளங்கால்கள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிகின்றன. விலாவைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. உட்கார்ந்துவிட்டால் அரைமணியில் அடங்கிவிடுகிறது. பிசியோதெரபிஸ்ட் நடையை விடாதீர்கள் என்கிறார். வீட்டிலோ, நரம்பு இன்னும் கெட்டுவிடும், பேசாமல் படு என்கிறார்கள். யார் சொல்வது சரி? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

பிசியோதெரபிஸ்ட் சொல்வதே சரி. உடல் சூடேறும்போது கூடி, ஆறும்போது தணிகிற தொந்தரவு, நரம்பில் புதிய சேதம் ஏற்படுவதன் அடையாளம் அல்ல. இந்நோயாளிகள் சிலருக்கு உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் திரும்புவதை 1890இல் வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் பதிவுசெய்தார். அதற்கு உழைப்பைவிட உடலில் ஏறும் வெப்பமே காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறை இந்நோயில் சிதைகிறது. அப்படிச் சிதைந்த இழையில் செய்தி தட்டுத்தடுமாறியே செல்வதால், உடல்வெப்பம் அரை டிகிரி கூடினாலே தடுமாற்றம் அதிகமாகலாம். எரிச்சலும் இறுக்கமும் அப்படித்தான் பலருக்கு வெப்பத்தில் கூடுகின்றன. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, அறிகுறிகள் தலைகாட்டுகின்றனவா என்று சோதிக்கும் வழக்கம்கூட இருந்தது. அதை நினைத்தால் ஸ்கேன் இயந்திரத்தின் இரைச்சல் எவ்வளவோ பரவாயில்லை.

உங்கள் வீட்டாரையும் குறைசொல்ல முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே ஓய்வைத்தான் வலியுறுத்தினார்கள். 1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழுவொன்று, 15 வாரங்கள் பயிற்சி செய்த நோயாளிகளின் உடல்திறன் கூடியதையும், நோயின் கடுமை அதனால் கூடாததையும் காட்டிய பிறகே அந்த அறிவுரை மெல்ல மாறியது.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கச் சொல்லமாட்டேன். வலியைத் தாங்குவதை மெச்சும் பழக்கம் நம்மிடம் உண்டு; நரம்பு வலியில் அதனால் ஒரு பயனும் இல்லை, மறுநாள் எழ முடியாத அசதிதான் மிச்சம். கால்மணியில் எரியத் தொடங்கும் என்றால் பத்து நிமிடத்திலேயே நின்று, நிழலில் ஆறி, மீண்டும் நடங்கள். உங்கள் ஊரில் மாலை ஐந்து மணிக்கு மைதானத்து மண்ணில் சூடு இறங்கியிருக்காது. விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. நான் புறப்படும் முன் குளிர்ந்த நீர் குடித்துவிட்டு, நனைத்துப் பிழிந்த ஈரிழைத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். உள்பாவாடை நாடாவின் இறுக்கமே எனக்கு விலாப் பிடிப்பைக் கிளப்பிவிடும் என்பதால், நடைக்கு எலாஸ்டிக் வைத்த தளர்ந்த பேன்ட்தான். ஆனால் விலா இறுக்கத்தை இந்நோயின் கணக்கிலேயே எழுதிவிடாமல், இதயத்தில் கோளாறில்லை என்று ஒருமுறை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எரிகிற பாதத்தில் ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். உணர்வு மங்கிய தோல் புண்ணானாலும் தெரியாது. அதனால்தான் வெறுங்காலோடு நடக்கவும் கூடாது, வந்ததும் ஷூவைக் கழற்றிப் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடவும் வேண்டும்.

இந்த வலிக்குப் பாராசிட்டமால் பெரிதாக உதவாது. பிரகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர்கள் தருகிறார்கள். அவை தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும் உண்டாக்குவதால், மாத்திரைக்கும் நடைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எரிச்சல் குறைந்துவிட்டதென்று நீங்களாக மருந்தைச் சட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஆறிய பிறகும் அடங்காமல், காய்ச்சல் ஏதுமின்றி, புதிய தொந்தரவு 24 மணி நேரத்தைத் தாண்டினால் கதை வேறு. பார்வை மங்குவது, கால் வலுவிழப்பது, சிறுநீர் பிரியாமல் போவது போன்றவை தெரிந்தால் நாள் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இப்போதைக்கு, நடக்கும் நாட்களில் எத்தனை நிமிடத்தில் எரிச்சல் தொடங்கியது, எத்தனை நிமிடத்தில் அடங்கியது என்று குறித்துவைத்து, அடுத்தமுறை அவரிடம் காட்டுங்கள். வலிக்கிறது என்று மட்டும் சொன்னால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதைத் தவிர அவருக்கும் வேறு வழி தோன்றாது.