கணினி உயிரியலில் பிஎச்.டி. ஆசை: பிளஸ் டூ முடித்த மகளை எதில் சேர்ப்பது?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் பயோ-மேத்ஸ் குரூப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நீட் வேண்டாம், கணினி உயிரியலில், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியாலும் கணக்காலும் ஆராயும் துறையில், பிஎச்.டி. வரை போக வேண்டும் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலோ ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்காதே, கம்ப்யூட்டரா, பயாலஜியா, ஒன்றைச் சொல்’ என்று நெருக்குகிறார்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அவள் விரும்பும் துறைக்கு இரண்டு காலும் வேண்டும். எதை முதலில் ஊன்றுவது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

இத்துறையில் பெயர் பெற்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலுக்கான பணிக்காக 2024-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஜம்பர், கல்லூரியில் படித்தது இயற்பியலும் கணிதமும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு, மறுபடியும் மாணவராகப் போய் உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-ல் நோபல் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-ல் தந்த வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். அவரும் இயற்பியல்காரர்தான்.

உயிரியலில் தொடங்கி இங்கே வருபவர்களும் ஏராளம். அவர்களில் பலர் திணறுவது ஒரே இடத்தில்: கணக்கு. மரபணுவைப் பற்றி இருபத்தைந்து வயதிலும் ஆர்வமாகப் படித்துவிடலாம். விட்டுப்போன நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் அந்த வயதில் பிடிப்பது சிரமம்.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? மனித உடலில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. புற்றுநோய்த் திசுவிலும் நல்ல திசுவிலும் எந்தெந்த மரபணு வேறுபட்டு இயங்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் வரும் 0.05 என்ற அளவுகோலை (வேறுபாடே இல்லாதபோதும் நூற்றுக்கு ஐந்து முறை தவறாக ‘உண்டு’ என்று சொல்லிவிடும் அளவு) அப்படியே போட்டால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் தற்செயலாகவே ‘வேறுபட்டவை’ என்று வந்து நிற்கும். புரோகிராம் ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடிந்திருக்கும். அப்புறம், நோயாளிகளின் மாதிரிகளை ஒரு நாளும் மற்றவர்களுடையதை வேறொரு நாளும் ஆய்வகத்தில் ஓட்டியிருந்தால், தெரிகிற வித்தியாசம் நோயால் வந்ததா, நாளால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. முதலாவதைப் பிடிக்கப் புள்ளியியல் வேண்டும். இரண்டாவதைப் பிடிக்க, ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பிஎச்.டி. மாணவியின் அன்றாட வேலையே இதுதான்.

அதனால் என் யோசனை: கணக்கில் அவளுக்குப் பயம் இல்லையென்றால் கம்ப்யூட்டர் சயன்ஸ், டேட்டா சயன்ஸ், புள்ளியியல், இயற்பியல், எதில் இடம் கிடைத்தாலும் சேருங்கள், உயிரியலைக் கூடவே படிக்கட்டும். பயோடெக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதுவும் சரி, ஆனால் புள்ளியியலும், பைத்தான், ஆர் என்ற புரோகிராமிங் மொழிகளும் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயன்ஸ் படிப்பை வேறு பட்டத்தோடு சேர்த்தே படிக்கலாம். சுமை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையை ஒட்டிய ‘பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். சில இடங்களில் இணையதளக் கருவிகளை அழுத்திக் காட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

முதுநிலைக்கு அண்ணா பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் கணினி உயிரியல் எம்.டெக். பற்றி விசாரியுங்கள். பிஎச்.டி.க்குத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி), தேசிய உயிரியல் ஆய்வு மையம் (என்சிபிஎஸ்), டெல்லியிலும் ஹைதராபாத்திலும் உள்ள ட்ரிபிள் ஐடிகள் (தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள்) என்று நல்ல இடங்கள் உண்டு.

‘முடிப்பதற்குள் இருபத்தெட்டு வயதாகிவிடுமே’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகலாம். ஆனால் அத்தனை வருடமும் உங்கள் கையிலிருந்து செலவழிக்க வேண்டியதில்லை. சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. நிரந்தரப் பேராசிரியர் வேலைக்குப் போட்டி கடுமை, அதை மறைக்க மாட்டேன். எம்.டெக்கோடு நிறுத்திக்கொண்டாலும் மருந்து நிறுவனங்களிலும் தரவு சார்ந்த வேலைகளிலும் இந்தப் படிப்புக்கு இடம் இருக்கிறது.

கவுன்சிலிங்குக்கு முன் ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டத்தையும் இறக்கிப் பாருங்கள். நிகழ்தகவு, புள்ளியியல் எத்தனை செமஸ்டர், கடைசி ஆண்டு புராஜெக்டை வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்ய அனுமதி உண்டா, இந்த இரண்டையும் கேளுங்கள். இந்த விடுமுறையில் மகள் ரோசலிண்ட் என்ற இலவசத் தளத்தில் உள்ள உயிரியல் கணக்குகளைப் பைத்தானில் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு வாரம் கழித்தும் தானாகப் போய் உட்கார்கிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். விருப்பப் பட்டியலை அதன்பின் சேர்ந்து போடலாம்.